ஒன்பது வாரமாகக் குளித்துக்கொண்டிருந்த அம்மா எழுதுவது

என் அருமைக் கிரேன்காரிக்கு, அம்மா அநேக முத்தங்களோடு எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், நீ அங்கே சுகமாக இருக்கக் காலையும் மாலையும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, இந்த வரி முழு உண்மைதானா என்று யோசித்துப் பார்த்தேன். முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதனால் முதலில் உட்கார். கிரேன் கூண்டுக்குள் வைத்துப் படிக்காதே, கீழே இறங்கி வந்து, ஒரு டீ போட்டுக்கொண்டு, சாய்வதற்கு முதுகுள்ள நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து படி. பயப்படும்படி ஒன்றுமில்லை. யாரும் சாகவில்லை, வீடு இடியவில்லை, உன் அப்பா இன்னும் அந்த முழங்கால் வெளுத்த கால்சட்டையைத்தான் போட்டுக்கொண்டு அலைகிறார்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமையாக நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா, அம்மா குளிக்கிறா, அம்மா குளிக்கிறா என்றே சொல்லிக்கொண்டிருந்தார் அல்லவா. அவருக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும், ரொம்பக் கஷ்டப்பட்டு ஒரே ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டு அதையே தேய்த்தார். மாடிக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க, கோயில்ல கூட்டம்னு சொல்லுங்க என்று நான் விதவிதமாக எழுதிக் காட்டியும், போன் மணி அடித்ததும் மனிதருக்குக் குளியலறையைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வராது. போன வாரம் நீ, அம்மா என்ன மீனாப்பா, தண்ணியிலேயே இருக்காங்க என்று கேட்டாயாம். அவர் திருதிருவென்று என்னைப் பார்த்தார், நான் கையை ஆட்டினேன், உடனே ஆமாம்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். உன் அம்மா மீன்தான் என்று ஒத்துக்கொண்டுவிட்டார் பார். நான் அத்தனை தடவையும் அவர் பக்கத்திலேயேதான் இருந்தேன் கண்ணு. காதைப் போனோடு ஒட்டி வைத்துக்கொண்டு நீ பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன். பதில் சொல்லத்தான் என்னிடம் குரல் இல்லை.

நடந்தது இதுதான். நீ அந்தப் பெரிய கிரேனுக்குப் பயிற்சி எடுக்க ஆரம்பித்த சமயம், என்னுடைய ரயில் நிலையச் சீருடையின் கழுத்துப் பொத்தான் போட முடியாமல் போயிற்று. வயசாகிறது, சதை போடுகிறது என்று நினைத்து, பொத்தானைத் தள்ளித் தைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் தள்ளித் தைத்தேன். உன் அப்பாதான் ஊசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, சட்டையைச் சரி பண்ணாத, கழுத்தைக் காட்டு என்றார். காட்டினால், தைராய்டில் ஒரு கட்டி. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அது கெட்ட கட்டி இல்லை என்று தெளிவாக முடிவு வந்துவிட்டது. இந்த வரியை இன்னொரு தடவை படி, கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அந்த இடத்தை ஒட்டியே ஓடுகிறதாம். கண் விழித்து, உன் அப்பாவைப் பார்த்து, மணி என்னங்க என்று கேட்டேன். உதடு அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். அப்பா குனிந்து, தண்ணியா வேணும் என்றார். இருபத்தாறு வருடமாக ஏழு நடைமேடைக்கும் கேட்கிற மாதிரி ரயில் வருகையும் புறப்பாடும் அறிவித்தவள், அரை அடி தூரத்தில் இருக்கிற புருஷனுக்கு மணி கேட்க முடியாமல் படுத்திருந்தேன்.

டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். குரல் நாண் இரண்டு, இரட்டைக் கதவு மாதிரி, உங்களுக்கு இடது கதவு அசையாம நிக்குது என்றார். கதவு என்ற வார்த்தையைக் கேட்டதும் உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பூட்டுக்காரர் அல்லவா. கீல்ல பிரச்சினையா டாக்டர், தாழ்ப்பாள்லயா என்று கேட்டார். டாக்டரும் சளைக்காமல், கீல்னு வச்சுக்கோங்க என்றார். இருவரும் நான் ஒருத்தி நடுவில் படுத்திருக்கிறேன் என்பதையே மறந்து கால் மணி நேரம் கதவு பேசினார்கள். கடைசியில், நரம்பு ஆறு மாசத்துலயும் முழிச்சுக்கலாம், ஒரு வருஷமும் ஆகலாம், முழிக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அப்பா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். பதினைந்து மாடி உயரத்தில் உட்கார்ந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறவள், அம்மா நினைப்பில் கை தவறினால் கீழே நிற்கிறவர்கள் கதி என்ன. உரிமத் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தோம். முடிந்தது, தேறிவிட்டாய், வாழ்த்துகள். நாங்கள் மறைத்ததற்கு நீ கோபப்படலாம், ஆனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பேச ஒரு சின்ன சிலேட்டு வாங்கிக் கொடுத்தார்கள். நோயைவிட இந்தச் சிலேட்டுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஜெபக்குழுப் பெண்கள் ஒருவர் விடாமல் பார்க்க வந்தார்கள். அன்பாகத்தான் வந்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் கையில் ஒரு காரணத்தோடு வந்தார்கள். மூக்குக்கண்ணாடி அக்கா, ரொம்பப் பேசினதுக்கு ஆண்டவர் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்காரு என்றார். இன்னொருவர், ஏதோ ஒரு பாவம் மறைஞ்சு கிடக்கும், யோசிச்சுப் பாருங்க என்றார். மூன்றாமவர் தேன் நக்கச் சொன்னார். குரல் இருந்தபோது இப்படி யாராவது என் எதிரில் உட்கார்ந்து பேசிவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருக்க முடியுமா, நீயே சொல். நான் சிலேட்டை எடுத்து, அப்படியானால் சிலருக்கு எப்போதோ வாய் அடைத்திருக்க வேண்டுமே என்று முத்து முத்தாக எழுதி நிமிர்வதற்குள், அக்காவின் பேச்சு தன் மருமகளின் சமையலுக்குப் போய்விட்டிருந்தது. நான் சிலேட்டைக் காட்ட, அவர் எட்டிப் பார்த்து, யாரு, என் மருமகளையா சொல்றீங்க, ரொம்பச் சரி என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். ஆத்திரத்தை எழுதி ஆற்ற முடியாது மகளே, எழுதுவதற்குள் அது பழசாகிவிடுகிறது.

வேலை இடத்தில் என்னை அறிவிப்பு அறையிலிருந்து எடுத்து, பயணிகள் விட்டுச் சென்ற பொருள்களை வைத்திருக்கும் அறைக்கு மாற்றினார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு முழுப் பல்செட்டு, யாரோ ஒருவருடைய திருமண ஆல்பம். மேலே ஒலிபெருக்கியில் புதிதாக வந்திருக்கும் பெண் அறிவிப்பாள். நல்ல குரல். நடைமேடை எண்ணை மட்டும் அவசர அவசரமாக விழுங்குவாள். முதல் நாள் அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பொறாமை வந்ததோ, ஒரு குடையை எடுத்து மேசையில் அடித்தேன், கம்பி உடைந்துவிட்டது, நல்லவேளை அதைத் தேடி இன்றுவரை யாரும் வரவில்லை.

இப்போது சொல்லப்போவதைச் சிரிக்காமல் படி, பிறகு சிரிக்கலாம். ஐந்தாம் வாரம் ஒரு நாள் மாலை, வீட்டில் தனியாக உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். எனக்கு மனதுக்குள் ஜெபித்துப் பழக்கமே இல்லை என்று உனக்குத் தெரியும், நான் ஜெபித்தால் அடுத்த வீட்டுக்காரர் ஆமென் சொல்வார். உதடு அசைகிறது, சத்தம் இல்லை, எனக்கே நான் ஜெபிக்கிறேனா இல்லையா என்று சந்தேகம். கோபம் வந்துவிட்டது. வேதத்தில் வாய் அடைத்துப்போன அந்த ஆசாரியருக்காவது எது வரைக்கும் என்று கெடு சொன்னீர், கையில் ஒரு பிள்ளையையும் கொடுத்தீர், எனக்கு என்ன என்று கேட்க நினைத்து, சிலேட்டை எடுத்து ஏன் என்று ஒரே வார்த்தை, பலகை முழுக்கப் பெரிதாக எழுதி, கூரையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தேன். ஆண்டவருக்குப் படிக்கத் தெரியாதா என்ன. அதே நேரம் பார்த்து உன் அப்பா கடையிலிருந்து உள்ளே வந்தார். ஏன் என்று எழுதித் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, கடையில கூட்டம், அதான் லேட்டாயிடுச்சு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போய் அழுகை வந்தது, சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் பையைக் கீழே வைத்தார், சிலேட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஓ, எனக்கில்லையா என்றார்.

அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக நான் ஜெபிப்பேன், அவர் ஆமென் சொல்வார், அதுதான் எங்கள் ஒப்பந்தம். வாய் விட்டு ஜெபிக்கச் சொன்னால் தலைவலி என்பார். அன்றைக்கு முழங்காலில் நின்று, தொண்டையை நாலு தடவை செருமி, வணக்கம் ஆண்டவரே என்று ஆரம்பித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற அதே வணக்கம். பிறகு சொன்னார், "இவ தொண்டையில ஒரு பூட்டு மாட்டிக்கிச்சு. செஞ்சது நீர்தான், அதனால உமக்கு நான் தொழில் சொல்லித்தரக் கூடாது. எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். சில பூட்டு தட்டினா திறக்காது, உடைஞ்சிடும். எண்ணெய் விட்டுட்டுக் காத்திருக்கணும். நாங்க காத்திருக்கோம். ஆனா ஆண்டவரே, வீடு ரொம்ப அமைதியா இருக்கு. எனக்குப் பழக்கமில்ல. அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று முடித்துவிட்டு எழுந்துவிட்டார். ஆமென் யார் சொல்வது. இத்தனை வருடமாக அது அவருடைய வேலை, என்னால் சொல்லவும் முடியாது. நான் சிலேட்டில் ஆமென் என்று எழுதிக் காட்டினேன். அவர் மறுபடியும் முழங்காலில் நின்று அதை வாசித்தார்.

அந்த நாளுக்குப் பிறகு கஷ்டம் குறைந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கஷ்டத்தோடு வாசலில் நின்று மல்லுக்கட்டுவதை விட்டேன். வந்தது வந்துவிட்டது, போ என்றால் போகிற ஜாதி இல்லை, சரி, உள்ளே வந்து உட்கார் என்று ஒரு நாற்காலி போட்டுவிட்டேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் அவ்வளவு பயங்கரமாகவும் இல்லை. நான் இத்தனை வருடமும் ஜெபம் என்று செய்ததெல்லாம் ஆண்டவருக்குச் செய்த அறிவிப்புதான் என்று தோன்றியது, இன்ன நேரத்துக்கு இன்னது வர வேண்டும், தாமதத்துக்கு வருந்துகிறோம், அவ்வளவுதான், அறிவித்துவிட்டு மைக்கை அணைத்துவிடுவேன். பதிலுக்குக் காத்திருந்ததே இல்லை. இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் ஒன்றும் இல்லை, சில நாள் தூங்கிவிடுகிறேன், சில நாள் பக்கத்தில் யாரோ அமைதியாக உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னபடி, தினமும் இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டு ஆ என்று சத்தம் எழுப்பப் பழகுகிறேன். எதிர்வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சுவர் சாயுதா, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். ஏழாம் வாரம் அந்த ஆ-வில் ஒரு கீச்சு வந்தது. துருப்பிடித்த கீல் மாதிரி. உன் அப்பா சமையலறையிலிருந்து ஓடி வந்து, எந்தக் கதவு என்றார்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர்கள் பட்டியலில் அன்றைக்கு என் முறை. வருடத் தொடக்கத்திலேயே போட்டது. நான் போதகரிடம் போய், என் பெயரை அடித்துவிடுங்கள் என்று எழுதிக் காட்டினேன். நம் போதகர் உன்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர், அவர் சட்டைப் பொத்தான் எப்போதும் ஒன்று மாறித்தான் இருக்கும், ஆனால் அன்றைக்கு ரொம்பத் தெளிவாகப் பேசினார். "அடிக்க மாட்டேம்மா. நீங்க ஆரம்பிங்க, நான் பக்கத்துலயே நிக்கிறேன், எங்க நிறுத்துறீங்களோ அங்கேருந்து நான் படிச்சுக்கிறேன்" என்றார். சரி, என் நிலைமைக்கு ஏற்ற ஆறுதலான பகுதியாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தால், இடிந்த அலங்கத்தை, அதுதான் நகரத்து மதிலை, யார் யார் எந்தெந்தத் துண்டு கட்டினார்கள் என்கிற பட்டியல். இன்னாருடைய குமாரன் இன்னார், அவனுக்கு அடுத்தவன் இன்னார், ஒவ்வொரு பெயரும் வாய்க்குள் நுழையாத பெயர். குரல் நன்றாக இருக்கிறவர்களே தடுக்கி விழுகிற இடம். ஆண்டவருக்கும் வேடிக்கை பிடிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உன் அப்பா எனக்காக ஒரு ஏற்பாடு செய்தார். அவர் வழக்கமான இடத்தை விட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருவார், என் குரல் அங்கே கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குவார், நான் மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும். மைக் நமக்குப் பழைய சிநேகிதம்தானே என்று தைரியமாகப் போனேன். பாட்டு முடிந்து, நான் புத்தகத்தின் முன்னால் போய் நின்றேன், மின்சாரம் போய்விட்டது. மைக் இல்லை, விசிறி இல்லை. எல்லோரும் கையில் இருந்த தாளால் படபடவென்று வீச ஆரம்பித்தார்கள். போதகரைப் பார்த்தேன், அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லம்மா, படிங்க என்றார்.

படித்தேன். முதல் வரி காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் அந்தக் கீச்சு வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாவது பெயரில் அது பிசிறி அறுந்துபோய், போதகர் ஒரு எட்டு முன்னால் வந்தார். நான் தலையை ஆட்டினேன். தண்ணீர் குடித்தேன். மேடையின் பக்கச் சுவரில் ஒரு கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு, அதே பெயரை மறுபடி ஆரம்பித்தேன். முன் வரிசையில் மூக்குக்கண்ணாடி அக்கா வீசிக்கொண்டிருந்த தாளை மடியில் வைத்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் வைத்தார். பிறகு வரிசை வரிசையாக அந்தப் படபடப்பு நின்றுபோயிற்று, அத்தனை புழுக்கத்தில், நெற்றியில் வேர்வை வழிய, அத்தனை பேரும் அசையாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கில் பேசிய காலத்தில் ஒருவரும் என்னை இப்படிக் கேட்டதில்லை மகளே. ரயில் தாமதம் என்று சொன்னபோதுகூட இல்லை. ஒவ்வொருவனும் தன் தன் வீட்டுக்கு எதிரே இருந்த துண்டைக் கட்டினான் என்று வருகிற இடத்தில் எனக்கு என்னவோ செய்தது. முழு அலங்கத்தையும் யாரும் ஒருவரிடம் கொடுக்கவில்லை, அவரவர் வாசலுக்கு எதிரே இடிந்து கிடந்ததுதான் அவரவர் பங்கு. ஒவ்வொரு பெயருக்கும் நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். உன் அப்பாவின் கை மடியிலேயே இருந்தது. கேட்கிறது, கேட்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டே அடுத்த பெயருக்குப் போனேன். கதவுகள், பூட்டுகள், தாழ்ப்பாள்கள் என்று வரும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து உட்காருவது தெரிந்தது. கடைசிப் பெயர் வரைக்கும் நானே படித்து முடித்தேன்.

ஆராதனை முடிந்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தேன் சொன்னவர் வந்து, தேன் நக்கினீங்களா என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன், அந்த ஒரு பொய்க்கு ஆண்டவர் என்னை மன்னிப்பார். வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, அந்தக் கீச்சுக் குரலில், நிஜமாவே அங்க வரைக்கும் கேட்டுச்சா என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை வெளியே எடுத்தார். பிறகு, பூட்டு, தாழ்ப்பாள் மட்டும் கேட்டுச்சு, மத்தது ஒண்ணும் கேக்கல என்றார். எனக்கு வந்ததே கோபம். அப்புறம் ஏன் கையைத் தூக்கல என்று நடுத்தெருவில் நின்று கேட்டேன். அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார், "தூக்கினா நீ நிறுத்திடுவியே."

மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கூரையைப் பார்த்து ஏன் என்று தூக்கிப் பிடித்தேனே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் பதில் வராததாலேயே கேட்பதற்கு ஆள் இல்லை என்று ஆகிவிடாது அல்லவா. ஒருவேளை ஆண்டவரும் கடைசி பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் நிறுத்திவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ. உன் அப்பாவோடு அவரை ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், இவருடைய கால்சட்டைக்கு அது அடுக்காது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு நீ போன் செய்தால் நானே எடுக்கிறேன். அதுவரை இன்னும் ஒன்றிரண்டு தடவை குளிப்பேன், பொறுத்துக்கொள். யாரோ கீச்சிடுகிறார்கள், தப்பான எண் என்று வைத்துவிடாதே. அழவும் வேண்டாம். சிரிப்பு வந்தால் சிரி, நானும் சிரிப்பேன், அது பஞ்சரான டயர் மாதிரி ஒரு சத்தம், உனக்குப் பிடிக்கும்.

ஏணியில் ஏறும்போதும் இறங்கும்போதும் உன்னைத் தாங்குகிற கை உன் இடுப்புப் பட்டையைவிட உறுதியானது, அந்தக் கை உன்னை விடாமல் காப்பதாக. உன் வேலையும் உன் தூக்கமும் உன் சிநேகமும் ஆசீர்வதிக்கப்படுவதாக. மறக்காமல் இந்த மாதமே டாக்டரிடம் போய்க் கழுத்தைக் காட்டு, சில சமயம் இது அம்மா வழியாகப் பிள்ளைக்கு வருமாம். பொத்தானைத் தள்ளித் தைக்கிற வேலை வேண்டாம். அப்பா உனக்குத் தனியாக இரண்டு வரி எழுதுகிறேன் என்று தாளை வாங்கினார், அரை மணி நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டு, கீழே இருப்பதை எழுதிக் கொடுத்தார்.

வணக்கம் மகளே. அம்மா குளிக்கவில்லை. அவ்வளவுதான். அப்பா.

இத்துடன், எப்போதும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் கீச்சுக் குரல் அம்மா